ஒய்யாந்தாய்தாம்போவுக்கு வெறும் 45 நிமிடமா?

மக்களே, தலைப்பில் இருப்பது கெட்ட வார்த்தை இல்லை :-) பெரு நாட்டில், ஆண்டீஸ் மலையில், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு குட்டி ஊரின் பெயர். ஒரே மூச்சில் சொல்ல வராதவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மாதிரியே 'ஒய்யாந்தா' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

நம்ம செட்டில் மூன்று பேர் மச்சு பிச்சு போக எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஐந்து நாள். நான்கு இரவும் குஸ்கோ நகரத்தில். இடையில் ஒரு வேன் டூர்: பிசாக், ஒய்யாந்தா, சின்செரோ மூன்றும் ஒரே நாளில். அதில் ஒய்யாந்தாவுக்கு எதிரே '45 நிமிடம்' என்று இருக்கிறது. இவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, விற்கிற பேக்கேஜ்களும் இப்படித்தான். ஆனால் இதற்குப் பெயர் திட்டம் இல்லை, தலை எண்ணுகிற வேலை.

என் கட்சி இதுதான்: நாளைக் கூட்ட வேண்டாம், படுக்கையை மாற்றுங்கள். முதல் இரண்டு இரவை ஒய்யாந்தாவில் போடுங்கள், கடைசி இரண்டை குஸ்கோவில். அவ்வளவுதான்.

முதலில் மூச்சு. லிமா கடலோர நகரம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களை 3,400 மீட்டர் உயர குஸ்கோவில் இறக்கிவிடும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையில் நிற்கும். உயர நோயில் நீங்கள் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். ஒய்யாந்தா 600 மீட்டர் கீழே. அங்கேயும் தலை வலிக்கலாம், ஆனால் உடம்பு பழக குஸ்கோவை விட அது நல்ல இடம். ஏர்போர்ட்டிலிருந்து வண்டியில் சுமார் இரண்டு மணி நேரம். நம்ம ஆட்களோ மிக உயரமான இடத்தில் முதல் இரவு படுத்து, மறுநாளே ஊர் சுற்றப் போகிறார்களாம்!

அடுத்து ரயில். மச்சு பிச்சு அடிவாரத்து ஊருக்கு வெளியிலிருந்து நேரான சாலை கிடையாது. பெரும்பாலோர் போவது ரயிலில், அந்த ரயில்களில் பெரும்பாலானவை கிளம்புவது ஒய்யாந்தாவில். மழைக்காலமான ஜனவரி முதல் ஏப்ரல் வரை குஸ்கோவில் டிக்கெட் வாங்கினாலும் பஸ்ஸில் ஒய்யாந்தா வரை கூட்டி வந்துதான் ரயிலில் ஏற்றுவார்கள். ஆக, முதல் நாள் வேனில் 45 நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிய அதே ஊருக்கு, மறுநாள் நடுராத்திரியில் எழுந்து மறுபடி ஓடி வரவேண்டும். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது ஊர். இன்கா காலத்து இடங்களில் பெரும்பாலானவை இன்று இடிபாடுகள். ஒய்யாந்தாவில் இன்கா போட்ட தெருக்களிலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். தெருவோரக் கால்வாயில் இன்னும் மலைத்தண்ணீர் ஓடுகிறது. மேலே கோயிலில் நிற்கும் ஆறு ராட்சதக் கற்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கச்சிகாட்டா குவாரியிலிருந்து வந்தவை. வழியிலேயே கைவிடப்பட்ட கற்களும் உண்டு, அவற்றுக்கு 'களைத்த கற்கள்' என்று பெயர். 1537ல் மான்கோ இன்கா, எர்னாண்டோ பிசாரோவின் ஸ்பானியப் படையைச் சமவெளியில் தண்ணீரைத் திருப்பிவிட்டு விரட்டிய இடமும் இதுதான். எதிர்மலையில், பின்குயுனா சரிவில், இன்காக்களின் தானியக் கிடங்குகள் இருக்கின்றன. 45 நிமிடத்தில் என்ன நடக்கும்? மூச்சிரைக்கப் படி ஏறுவீர்கள், போட்டோ எடுப்பீர்கள், டிரைவர் ஹாரன் அடிப்பார். அந்தப் பள்ளத்தாக்குக்கான பகுதி டிக்கெட்டே இரண்டு நாள் செல்லும். டிக்கெட் அச்சடித்தவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை!

கடைசியாக, நம்ம சப்ஜெக்ட்: பணம். வேன் கட்டணம் டூர் கம்பெனிக்கு. நுழைவுக் கட்டணம் டிக்கெட் நிர்வாகத்துக்கு. மதியச் சாப்பாடு பெரும்பாலும் வழியில் உருபம்பாவில் ஒரு பஃபேயில். ஒய்யாந்தாவுக்கு மிஞ்சுவது ஒரு தண்ணீர் பாட்டில் விற்ற காசும், குறுகலான தெருவில் சிக்கி நிற்கும் வண்டிகளின் புகையும். பற்று முழுக்க அந்த ஊருக்கு, வரவு முழுக்க வெளியூருக்கு. பி.காம். முதல் வருஷப் பையன்கூட இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போட மாட்டான். ஓர் இரவு தங்கினால் அறை வாடகை, ராத்திரிச் சாப்பாடு, காலை காபி, சந்தையில் பழம் என்று பணம் அங்கேயே நாலு கை மாறும்.

"அப்போ பிசாக், சின்செரோ?" போகும். போகட்டும். மூன்று ஊரைத் தொட்டுவிட்டு வருவதைவிட ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது மேல்.

"எல்லாரும் அங்கே தங்கினால் ஊர் கெட்டுப் போகாதா?" இது நியாயமான கேள்வி. ஆனால் கூட்டம் ஏற்கனவே அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சின்செரோவில் புது விமான நிலையம் கட்டுகிறார்கள், 2019ல் மண் வேலை தொடங்கியது. அது திறந்தால் கூட்டம் கூடத்தான் செய்யும். வருகிறவன் புகையை மட்டும் விட்டுப் போவானா, பணத்தையும் விட்டுப் போவானா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

ஆகவே என் திட்டம்: முதல் நாள் இறங்கியதும் ஒய்யாந்தா போய் ஓய்வு. இரண்டாம் நாள் முழுக்க ஊர். மூன்றாம் நாள் ரயிலில் மச்சு பிச்சு, திரும்பி ராத்திரி குஸ்கோ. நான்காம் நாள் குஸ்கோ. ஐந்தாம் நாள் விமானம். மச்சு பிச்சு டிக்கெட்டில் நேரமும் எண்ணிக்கையும் கட்டுப்பாடு உண்டு, அதனால் அதை முதலில் வாங்குங்கள், பிறகு ரயில், பிறகு அறை. மழை வேண்டாதவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள்.

அதே ஐந்து நாள், அதே நான்கு இரவு. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள், பேசுவோம்.