கடைவீதி யாருக்குச் சொந்தம்?

பண்டிகை நெருங்கும்போதெல்லாம் பெரிய நகரங்களின் கடைவீதிகளிலிருந்து ஒரு கோரிக்கை எழும்புகிறது. வியாபாரம் மந்தமாயிருக்கிறது; வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குவதால்தான் ஜனங்கள் வரத் தயங்குகிறார்கள்; கார்களை இலவசமாக நிறுத்த அனுமதித்தால் கூட்டம் தானாக வரும் என்பதே அந்தக் கோரிக்கை.

மில்லில் நூல் ஓட்டுகிறவருக்கும் வயலில் நாற்று நடுகிறவருக்கும் இதிலே என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. கிராமத்தில் மந்தைப் புறம்போக்கை ஒரு மிராசுதார் வளைத்துத் தன் வைக்கோற்போரைப் போட்டுக்கொண்டால் நாம் சும்மா இருப்பதில்லை. “இது ஊருக்குப் பொதுவான இடம் ஆயிற்றே, உனக்கு யார் கொடுத்தது?” என்று கேட்கிறோம். நகரத்துத் தெருவும் அதுபோன்ற பொது இடம்தான். அங்கே வைக்கோற்போருக்குப் பதிலாகக் கார் நிற்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கார் நிற்பதற்குச் சுமார் 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும். அதாவது ஏறக்குறைய 135 சதுர அடி. சென்னையில் எத்தனையோ உழைப்பாளிக் குடும்பங்கள் இந்த அளவுள்ள ஓர் அறையில்தான் சமைத்து, உண்டு, உறங்குகின்றன. மாதம் தவறாமல் வாடகையும் கொடுக்கின்றன. மனிதன் குடியிருக்க வாடகை. கார் குடியிருக்க இலவசம்! இது எந்த ஊர் நியாயம்?

தெருவில் இடம் போதவில்லை என்று கட்டடம் கட்டினால் செலவு இன்னும் ஏறுகிறது. சென்னை தியாகராய நகரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் அடுக்குமாடி வண்டி நிறுத்தம் ஒன்று கட்டினார்கள். இருநூற்றுக்கு மேற்பட்ட கார்களும் ஐநூற்றுக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளும் நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 40 கோடி ரூபாய். வண்டி ஒன்றுக்குச் சராசரி ஐந்து லட்சத்துக்கு மேல். 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில், குடிசையில் வாழும் கிராமக் குடும்பம் வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கப்பட்ட தொகை மூன்றரை லட்சம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக் கட்டிய இடத்தை இலவசமாகக் கொடுத்தால் அந்தச் செலவு மறைந்து போய்விடுமா? காரில் வராதவர் தலையில் அது வரியாக விடியும்.

சரி, வியாபாரமாவது பெருகுமா?

அதே தியாகராய நகரில் ரங்கநாதன் தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்குள் கார் நுழைந்து நிற்க வழி ஏது? ஆனால் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். எள் போட்டால் எள் விழாது. அந்த ஜனத்திரள் எங்கிருந்து வருகிறது? மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து வருகிறது. பஸ் நிலையத்திலிருந்து வருகிறது. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்து வருகிறது. அங்கே சிறு கடைகள் பெருங்கடைகளாக வளர்ந்தது இந்த ஜனங்கள் கொடுத்த காசினால்தான்.

கார்களின் தேசமான அமெரிக்காவின் அனுபவத்தையும் பார்க்கலாம். உலகின் முதல் வண்டி நிறுத்தக் கட்டண மீட்டர் 1935 ஜூலை 16-ந் தேதி ஓக்லஹோமா நகரத்தில் பொருத்தப்பட்டது. அதைச் செய்தது வியாபாரிகளுக்கு விரோதமான சர்க்கார் அல்ல. அவ்வூர் வர்த்தக சபையின் முயற்சியிலேயே அது நடந்தது. காரணம் எளிது. இடம் இலவசமாக இருந்தபோது, கடைவீதியில் வேலை செய்கிறவர்களின் கார்களே காலை முதல் மாலை வரை அசையாமல் நின்றன. சரக்கு வாங்க வந்தவருக்கு இடமில்லை. மணிக்கு ஐந்து சென்ட் கட்டணம் வந்தது. வண்டிகள் நகரத் தொடங்கின. கலிபோர்னியாவில் பழைய பசடீனா கடைவீதியிலும் மீட்டர் என்றதும் வியாபாரிகள் முதலில் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அந்த வீதிக்கே செலவிடப்படும் என்று நகர நிர்வாகம் வாக்களித்தது. 1993-ல் மீட்டர் வந்தது. அந்தப் பணத்தில் நடைபாதையும் விளக்கும் சீராயின. பாழடைந்து கிடந்த வீதி பிழைத்துக்கொண்டது.

நம்மூரிலும் இதே கதைதான். இலவச இடம் என்றால் முதலில் வந்து நிற்பது வாடிக்கையாளரின் வண்டியல்ல. கடை முதலாளியின் கார். இரவு கடை சாத்தும்வரை அது அங்கேயே நிற்கும்.

சிறு வியாபாரிகளை நாம் எதிரிகளாகக் கருதவில்லை. ஒரு பக்கம் பெரிய மால்கள், மறு பக்கம் வீட்டு வாசலுக்கே சரக்கு அனுப்பும் ஆன்லைன் கம்பெனிகள். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் நசுங்குவது உண்மை. ஆனால் நோய்க்கு மருந்து இதுவல்ல. உழைப்பாளியின் கையில் நாலு காசு மிஞ்சினால்தான் ஜவுளிக் கடையில் துணி விற்கும். அவர் கடைவீதிக்கு வந்து சேர பஸ் இருந்தால்தான் விற்கும். 2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. இவை போன்றவைதான் கடைவீதிக்கு ஆட்களைக் கொண்டுவருகிற காரியங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2013-ல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை அங்கிருந்து எடுத்து ஒரு வணிக வளாகத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பாதசாரிகளுக்கு இடைஞ்சல் என்று அன்று காரணம் சொன்னார்கள். ஒரு கூடையும் ஒரு தார்ப்பாயும் விரித்து வயிறு வளர்ப்பவர் தெருவுக்கு இடைஞ்சல். 135 சதுர அடியை அடைத்துக்கொள்ளும் கார் மட்டும் விருந்தாளியா? 2014-ம் வருஷத்திய தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், கணக்கெடுப்பு முடியாமல் எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. காருக்கு இடம் தேடுகிற அதிகாரிகள் முதலில் அந்தச் சட்டத்துக்கு இடம் தேடட்டும்.

ஆயினும் கட்டணம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கட்டணம் மட்டும் வந்து பஸ் வராவிட்டால், பணக்காரன் காசை வீசிவிட்டு நிறுத்துவான். ஏழை வெளியே நிற்பான். வசூலைக் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால், ரசீதில் ஒரு தொகையும் கையில் வாங்குவது வேறொரு தொகையுமாக இருக்கும். தறிப்பட்டறையிலிருந்து பழைய டிவிஎஸ் 50-ல் வருகிற தொழிலாளியையும், குளிர் வசதிக் காரில் வருகிறவரையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. 2006-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே, வண்டி நிறுத்தக் கட்டணம் நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்ட வேண்டும், அதன் மூலம் பொதுப் போக்குவரத்துக்கு ஜனங்களை ஈர்க்க வேண்டும் என்றது. ஏட்டில் இருப்பது வீதிக்கு வரவேண்டும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

நகரத்தின் நடுவே கார்களுக்கு இலவச இடம் கூடாது. மணிக்கணக்கில் கட்டணம், விகிதம் பலகையில் எழுதியிருக்க வேண்டும், ரசீது இல்லாமல் ஒரு பைசா வாங்கக் கூடாது. சைக்கிளுக்குக் கட்டணம் வேண்டாம். சிறு இரு சக்கர வண்டிக்குக் குறைந்த கட்டணம் போதும். மாற்றுத் திறனாளிகளுக்கும் சரக்கு இறக்கும் வண்டிகளுக்கும் தனி இடம் வேண்டும். வசூலான பணம் அந்த வட்டாரத்தின் நடைபாதைக்கும், குடிநீருக்கும், பெண்கள் கழிப்பிடத்துக்கும் செலவாக வேண்டும். கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கடை சாத்திய பிறகு, நாள் முழுதும் நின்று கால் வீங்கிய விற்பனைப் பெண்கள் வீடு போய்ச் சேர ஒரு கடைசி பஸ் ஓடவேண்டும்.

தெருவைப் போட்டது உழைப்பாளியின் கை. அதற்குப் பணம் கொடுத்தது எல்லோருடைய வரி. அங்கே முதல் உரிமை நடந்து வருகிறவருக்கு. அடுத்தது பஸ்ஸில் வருகிறவருக்கு. காரில் வருகிறவரும் வரட்டும், நாம் தடுக்கவில்லை. அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு வரட்டும்.