உந்துதண்டும் தமிழ்வழியும்

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பெற்றது 2010-இல். அவ்வாண்டிலேயே, அதற்கு அண்மையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. 'வளிகளின் நெறியைத் தமிழில் விளக்க இயலுமா?' என வினவுவோர் இன்றும் உளர். அவர்க்கு விடையாவது மேடை முழக்கம் அன்று, பாடமே விடை.

ஓர் உருளையுள் ஓர் இலிட்டர் காற்று உளது எனக் கொள்க. அதனை அடைத்து நிற்பது, 'பிஸ்டன்' என வழங்கும் உந்துதண்டு. காற்றின் வெப்பநிலை 27 பாகை செல்சியசு. அழுத்தம் வளிமண்டல அழுத்தமே. அதனை 327 பாகைக்குச் சூடேற்றின் நிகழ்வது யாது?

புரியாத மொழியில் நெட்டுருச் செய்த மாணவன் 327-ஐ 27-ஆல் வகுத்து, 'பன்னிரு மடங்கு' என்பான். அது பிழை. செல்சியசின் சுழியம் நீர் உறையும் நிலையேயன்றி, வெப்பநிலையின் கீழெல்லை அன்று. அவ்வெல்லை இன்னும் 273 பாகை கீழே உளது. அங்கிருந்து எண்ணுவதே தனிவெப்பநிலை. அவ்வாறு எண்ணின் 300 என்பது 600 ஆகிறது, இருமடங்கே!

அழுத்தத்தைப் பருமனால் பெருக்கித் தனிவெப்பநிலையால் வகுக்க வரும் ஈவு, அடைபட்ட வளி குறையாமலும் கூடாமலும் இருக்கும்வரை மாறுவதில்லை. தண்டினை அசையாது பிணித்தால் பருமன் மாறாது, அழுத்தம் இருமடங்காகும். தண்டு தடையின்றி நகருமாயின் அழுத்தம் மாறாது. பருமன் இரண்டு இலிட்டராகும்.

முன்னதற்கு வேண்டும் வெப்பம் ஏறத்தாழ 250 சூல் அலகு, பின்னதற்கு 350. மிகுதியான நூறு எங்கே போயிற்று? தண்டினைத் தள்ளும் வேலையாக மாறிற்று. எரிந்து விரியும் வளி இவ்வாறு தண்டினைத் தள்ளுவதனாலேயே பேருந்தும் உழுவுந்தும் ஓடுகின்றன.

இதில் ஆங்கிலத்திற்கே உரிய மறைபொருள் யாதுளது? இந்நெறியை 1834-இல் ஒரே சமன்பாடாக்கிய கிளாப்பெரான் எழுதியது பிரஞ்சு மொழியில். அவரவர் தத்தம் மொழியில் எண்ணினர், எழுதினர், வென்றனர்.

ஆயினும் நம் பக்கலிலும் ஒரு குறை உண்டு. ஒரு நூல் 'பருமன்' என்பதை மற்றொன்று 'கனஅளவு' என்கிறது. வேறொன்று 'கொள்ளளவு' என்கிறது. ஒரு பொருளுக்கு மூன்று பெயரிட்டால் மாணவன் மயங்கானா? கலைச்சொல்லை ஒருமுகப்படுத்துவதும், கணக்கோடு விளக்கும் தெளிந்த நூல்களை எழுதிக் குவிப்பதும் தமிழறிந்த ஆசிரியர் கடன். அக்கடனை ஆற்றாது தமிழ்வழி வாழ்க என முழங்குவதால் மட்டும் வகுப்பறை நிறையாது.