வாய்ச்சொல் வாடகை: மாணவர் கூட்டுக் குடியிருப்பு குறித்த ஒரு மறுப்பு

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே திருவள்ளூருக்கும் செல்லும் புறநகர் ரயில் தடங்களை ஒட்டிய ஊர்களில், கல்லூரி மாணவர்களும், ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்துச் சிப்காட் ஆலைகளில் அப்ரண்டிஸாகச் சேரும் இளைஞர்களும் மூவர் நால்வராகக் கூடித் தனியார் வீடுகளை வாடகைக்கு எடுக்கின்றனர். பெரும்பாலோருக்கு அதுவே வீட்டை விட்டு வெளியே வாழும் முதல் அனுபவம். அவர்களிடம் வீட்டுத் தரகரும் வீட்டுக்காரரும் மூத்த மாணவரும், சில வேளைகளில் பெற்றோருமேகூடச் சொல்வது ஒன்றுதான்: படிக்கிற பிள்ளைகளுக்கு அக்ரிமென்ட் தேவையில்லை, அது குடும்பத்தோடு குடிவருகிறவர்களுக்கானது. இக்கருத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், குடும்பத்தைவிட மாணவர் குழுவுக்கே எழுத்து ஒப்பந்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது புலப்படும்.

தங்குவது ஓராண்டுகூட இல்லை, அதற்கு எதற்குப் பத்திரம் என்பது முதற்காரணம். இதன் வேர் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்று அச்சட்டம் விதித்ததால் பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்தது. நாளடைவில் பதினொரு மாதத்துக்கு எதையும் எழுதவே வேண்டாம் என்று அவ்வழக்கம் திரிந்தது. நகர்ப்புற வாடகைகளை முறைப்படுத்த இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, கால அளவைப் பாராமல் எல்லா வாடகைக்கும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகார அமைப்பிடம், அதாவது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம், பதிவு செய்யவும் பணிக்கிறது. அவ்வாறு செய்த ஒப்பந்தத்தின் காலம் முடியும்வரை, சட்டம் வகுத்த காரணங்களுக்காக அன்றி வாடகைதாரரை வெளியேற்ற இயலாது. எழுத்தே இல்லாத இடத்தில், அதிலும் தொழிற்பேட்டையைச் சூழ்ந்துள்ள ஊராட்சிக் கிராமங்களில், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே எஞ்சி நிற்கிறது; அதன் 106ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாத குடியிருப்பு வாடகை மாதவாடகையாகக் கொள்ளப்பட்டு, 15 நாள் அறிவிப்பில் முடிவுக்குக் கொண்டுவரத் தக்கதாகிறது. பருவத்தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டைக் காலி செய்யச் சொல்வது அந்நிலையில் சட்டப்படியே செல்லும். குறுகிய காலம் தங்குகிறவருக்கு அந்தக் குறுகிய காலமாவது உறுதியாக இருக்க வேண்டும் என்பதை இக்காரணத்தைச் சொல்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அட்வான்ஸ் எல்லாம் ஊர்வழக்கம், எழுதி வைத்தால் மட்டும் என்ன மாறிவிடும் என்பது அடுத்த காரணம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுங்கால வழக்கமே. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்று மாத வாடகைக்கு வரம்பிட்டு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இவ்வரம்பு, வேறுவிதமான உடன்பாடு இல்லாதபோதே பொருந்தும். ஆகவே படிக்காமல் கையெழுத்திடுபவர் சட்டம் தந்த பாதுகாப்பைத் தம் கையாலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இப்படிக் கேள்வியின்றி நிலைத்துவிட்ட வழக்கமாகும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பராமரிப்புப் பொறுப்புகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது: சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பிகளைப் பழுதுபார்ப்பது ஆகியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை, குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வடிகால் அடைப்பு போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. குடிபுகும் நாளில் மின்மீட்டரின் அளவையும், சுவரின் ஈரக்கறையையும், ஓடாத மின்விசிறியையும் குறித்து இரு தரப்பும் ஒப்பமிட்ட ஒரு தாள் இருந்தால், எது பழைய சேதம், எது புதிய சேதம் என்ற தகராறுக்கே இடமிருக்காது. அட்வான்ஸ் என்பது பெரும்பாலும் பெற்றோர் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ தரும் பணமாதலால், இதைச் சிறு தொகை என்று ஒதுக்குவது தவறு.

ஒருவர் பெயரில் எடுத்தால் போதும், மற்றவர்கள் கூடத் தங்கிக்கொள்ளலாம் என்ற மூன்றாவது காரணம் நால்வரையும் ஒருசேரச் சிக்கலில் தள்ளுகிறது. பெயர் கொடுத்தவர் முழு வாடகைக்கும் பொறுப்பாளி ஆகிறார். ஏனைய மூவர் சட்டத்தின் பார்வையில் அவருடைய விருந்தினராகவோ, அனுமதியின்றிக் குடிவைக்கப்பட்டவர்களாகவோ நிற்கின்றனர். ஒருவர் பாதியில் படிப்பையோ பயிற்சியையோ விட்டுச் செல்ல, அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருவது இத்தகைய வீடுகளில் அடிக்கடி நிகழ்வது. வீட்டுக்காரரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வீட்டின் பகுதியைப் பிறருக்கு விடுவதைச் சட்டம் உள்வாடகை என்று தடுக்கிறது. அது வெளியேற்றக் கோருவதற்கான காரணமாகவும் எண்ணப்படுகிறது. நால்வரும் ஒப்பமிட்டிருந்தால் வேறொரு கேள்வி எழும். கூட்டாக வாக்குறுதி தந்தவர்களில் எவரிடமிருந்தும் முழுக் கடப்பாட்டையும் கோரலாம் என்றும், அவ்வாறு செலுத்தியவர் ஏனையோரிடம் அவரவர் பங்கை வசூலிக்கலாம் என்றும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு, இடையில் விலகுபவர் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அவருடைய அட்வான்ஸ் பங்கை யார் தருவது என்பதை மாணவர்கள் தமக்குள்ளும் எழுதிக்கொள்வது அவசியம். முதலாண்டில் சேர்வோரில் பலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதும், அவர்கள் தாமே செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதும், ஆகவே பெற்றோரே கையெழுத்திட வேண்டும் என்பதும் பலர் அறியாத செய்தி.

தெரிந்தவர் மூலம் கிடைத்த இடம், ஏதாவது என்றால் அவர் பார்த்துக்கொள்வார் என்பது நான்காவது காரணம். பொறுப்பு யாருடையது என்று வரையறுக்காத ஏற்பாட்டின் விளைவை இவ்வூர்கள் உள்ள திருவள்ளூர் மாவட்டமே கண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்த பின்பே ஒப்பந்த விடுதிகளின் நிலைமை வெளியுலகுக்குத் தெரிந்தது. அது வேலைக்கு வந்தவர்களின் விடுதி, மாணவர்களின் வீடன்று; ஆயினும் ஆலை, ஒப்பந்தக்காரர், கட்டட உரிமையாளர் என்று பலருக்கிடையே பொறுப்பு சிதறும்போது தங்கியிருப்பவரே பாதிக்கப்படுகிறார் என்பது இரண்டுக்கும் பொது. உணவோடு கட்டில் கணக்கில் பணம் வாங்கும் விடுதியில் தங்குபவர் வாடகைதாரர் ஆகமாட்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருக்குக் கிடைப்பது தங்கும் அனுமதி மட்டுமே. பெண்கள், சிறார் விடுதிகளைப் பொறுத்தவரை 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது அந்த உரிமத்தைத்தான்.

கடைசியாகச் சொல்லப்படும் காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. பேச்சிலருக்கு வீடு கிடைப்பதே அரிது; வெளிமாநிலத் தொழிலாளர் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து லைன் வீடுகளை நிரப்பும் கும்மிடிப்பூண்டி போன்ற இடத்தில் அக்ரிமென்ட் கேட்கும் மாணவரை அனுப்பிவிட்டு வேறொருவரை வைப்பது வீட்டுக்காரருக்கு எளிது. இந்த ஏற்றத்தாழ்வை மறுக்க முடியாது. ஆனால் பேரம் பேச வலுவில்லாதவர் ஆதாரத்தையும் கைவிட வேண்டும் என்று அதிலிருந்து பெறப்படுவதில்லை. வாடகையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக, எந்த மாத வாடகை என்ற குறிப்போடு அனுப்புவதற்கும், ரசீது கேட்பதற்கும், அட்வான்ஸ் தொகையை ஒரு குறுஞ்செய்தியில் உறுதிப்படுத்திக்கொள்வதற்கும் எவருடைய தயவும் வேண்டியதில்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற்ற முயல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; அதைக் குறித்து முறையிடச் செல்பவர் தாம் அங்கே குடியிருப்பதைக் காட்ட இத்தகைய பதிவுகளே துணையாகும். மாணவர் தனித்துப் பெற முடியாத வலுவைக் கல்லூரிகளும், அப்ரண்டிஸ்களைச் சேர்க்கும் ஆலைகளும் தர முடியும்: சேர்க்கையின்போது விடுதி விதிகளோடு ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் கொடுக்கலாம், அதில் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய இசையும் வீட்டுக்காரர்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடலாம். தம் மாணவர் பாதிப்பேர் வெளியே தங்குவதை அறிந்தும் விடுதிக்குள் இருப்பவரை மட்டுமே தம் பொறுப்பாகக் கருதும் நிறுவனங்கள், இந்த வாய்ச்சொல் வழக்கம் தொடர்வதற்கு வீட்டுக்காரரைப் போலவே காரணமாகின்றன.