கேரட்டும் சிகரெட்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனால் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு தாண்டி அடுத்தது கேத்தி. ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிக்கட்டு படிக்கட்டாகக் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ்! பக்கத்தில் கேத்தி பாலாடாவில் கேரட்டை மெஷினில் போட்டுக் குளிப்பாட்டி, பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றுவார்கள்.

ரோட்டோரக் கடைகளில் இலையோடு கட்டுக் கட்டாகத் தொங்கும். டூரிஸ்ட் இளைஞர்கள் வாங்கி அங்கேயே கடிப்பார்கள். ஒரு கையில் கேரட், இன்னொரு கையில் சிகரெட். கேட்டால், "பேலன்ஸ் ஆயிடும் சார்!"

சிரிக்காதீர்கள். பெரிய பெரிய விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் கேன்சர் குறைவாக வருகிறது. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தருவது பீட்டா கரோட்டின். சரி, அதை மட்டும் மாத்திரையாக்கி சிகரெட் ஆசாமிகளுக்குக் கொடுத்தால் என்ன?

கொடுத்தார்கள். பின்லாந்து நாட்டில், 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்கள். அத்தனை பேரும் சிகரெட் பிடிக்கிறவர்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், வருஷக்கணக்கில். 1994-ல் ரிசல்ட் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் கேன்சர் குறையவில்லை... 18 சதவிகிதம் கூடியிருந்தது!

அமெரிக்காவில் இதே மாதிரி இன்னொரு ஆராய்ச்சி. அதில் வைட்டமின் 'ஏ'யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே 28 சதவிகிதம் கூடுதல். பதறிப் போய் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அய்யோ, அப்ப கேரட்?" என்று கையிலிருப்பதைக் கீழே போட வேண்டாம். கேரட் நிரபராதி. அதே பின்லாந்துக்காரர்களில், சாப்பாட்டின் மூலமாகவே கரோட்டின் நிறையச் சேர்ந்தவர்களுக்குக் கேன்சர் குறைவாகத்தான் இருந்தது. காயிலிருந்து ஒரு சத்தை மட்டும் பிடுங்கி, அளவுக்கு மேல், புகை படிந்த நுரையீரலுக்கு அனுப்பியதில்தான் வம்பு. ஆகவே, தம் அடிக்கிற அன்பர்கள் மெடிக்கல் ஷாப்பில் சத்து மாத்திரை வாங்கினால், அட்டையில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். (தம்மையே விட்டுவிட்டால் படிக்கிற வேலையும் மிச்சம்!)

இன்னொரு சமாசாரம். கல்யாணம் நிச்சயமானவுடன் நம்ம ஆட்கள் லேகிய விளம்பரத்தைத் தேடி ஓடுகிறார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கி 'அந்த' விஷயத்தில் காலை வாருவது, உயிரணுவைக் குறைப்பது எல்லாம் சட்டைப் பையில் இருக்கிற சிகரெட் பாக்கெட்டின் வேலை. அதை வைத்துக்கொண்டே லேகியம் சாப்பிடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற கதைதான். துத்தநாகச் சத்து குறைந்தால் ஆண்மைக்குக் கோளாறு வரும், நிஜம். அது வேர்க்கடலையிலும் முட்டையிலும் கறியிலும் கிடைக்கிறது. குறையே இல்லாதவர் மேலும் மேலும் விழுங்கினால் பீமசேனன் ஆகிவிட மாட்டார்.

கேத்தி வட்டாரத்துப் படுகர் வீடுகளில் ராகி, சாமை, அவரை எல்லாம் தலைமுறை தலைமுறையாக இருக்கிற சாப்பாடு. நூறு கிராம் ராகியில் சுமார் 344 மில்லிகிராம் கால்சியம். எடைக்கு எடை பார்த்தால் பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல்! அவரையில் புரோட்டீன். ஆபீஸ் கேண்டீன் பரோட்டாவிடம் இதெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?

கேரட்டைப் பச்சையாகக் கடிப்பதைவிட, கொஞ்சம் எண்ணெய் விட்டு, தேங்காய்த் துருவி, பொரியலாகச் சாப்பிட்டால் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். அது கொழுப்பில் கரைகிற சாமான். சாப்பிட்ட கையோடு நீலகிரி டீ வேண்டாம். கீரை, பயறில் இருக்கிற இரும்புச் சத்தை டீ உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் பொறுங்கள், டீ எங்கேயும் ஓடிப் போகாது.

பீட்ரூட்டும் தாராளமாகச் சாப்பிடலாம். மறுநாள் காலை பாத்ரூமில் சிவப்பாகப் பார்த்துவிட்டு, "போச்சுடா!" என்று மட்டும் அலறாதீர்கள். சிலருக்கு அந்தச் சாயம் அப்படியே வெளியே வரும், ஆபத்தில்லை. இரண்டு மூன்று நாள் பீட்ரூட் பக்கமே போகாமலும் சிவப்பாக வந்தால், அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள்.