கிரவல் பாதை வேறு, கைவிட்ட பாதை வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் சனிக்கிழமை மேலதிக வகுப்புக்கு வந்த நேரம், பாடசாலைக்குக் கீழே உள்ள வளைவில் மூன்று வெளிநாட்டவர்கள் சைக்கிள்களோடு நின்றார்கள். ஒருவருக்கு முழங்கை நன்றாகச் சிராய்ந்திருந்தது. மேல் டிவிசனில் இருந்து இறங்கும்போது உருளைக் கல்லில் முன் டயர் வழுக்கிவிட்டதாம். கடை நானா தண்ணீர் கொடுத்துக் காயத்தைக் கழுவச் சொன்னார், பிறகு மூன்று பிளேன்டி ஊற்றினார். காசு வாங்கவில்லை.

அவர்களுடைய சைக்கிளைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில். ஆனால் டயர் இரண்டு விரல் அகலம். செங்குத்தான ஏற்றத்திலும் மிதிக்கக்கூடிய மாதிரி கியர். தார் போடாத பாதைக்கென்றே செய்த சைக்கிள். விழுந்தவருக்கு வலியை விடச் சந்தோஷம்தான் கூட. "எவ்வளவு கஷ்டமான பாதை, எவ்வளவு அருமையான பாதை, இதைத் திருத்திவிடாதீர்கள்" என்று சொன்னார். நாங்கள் அதைச் சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னோம்.

ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி சிரிக்கவில்லை. "சேர், அப்ப எங்கட ரோட்ட எப்பவுமே செய்ய மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை தினமும் அதே பாதையில் நான்கு கிலோமீற்றர் இறங்கி வந்து, நான்கு கிலோமீற்றர் ஏறிப் போகிறவள். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவுதான் பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிளில் வருகிறவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அந்தக் காற்றில், தளர்ந்த கல்லில், பொதியையும் கட்டிக்கொண்டு மிதிப்பது சும்மா வேலை இல்லை. உடம்பை வருத்தி எங்கள் மலையைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் விருந்தாளிகள்.

வருகை இனிக் கூடும். ஹந்தானையில் தொடங்கும் பீக்கோ நடைபாதை கலஹா, லூல்கந்துரை, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று எங்கள் வாசல் வழியாகவே போகிறது. மொத்தம் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். நடப்பவர்களுக்கென்று வகுத்த பாதையானாலும், அதன் தோட்டப் பாதைகளில் சைக்கிள்காரர்களும் வருகிறார்கள்.

இந்தப் பாதைகளைப் புதிதாக யாரும் வெட்டவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்ட காலத்திலிருந்து, கோப்பியையும் தேயிலையையும் சுமந்து இறக்கிய பாதைகள் இவை. 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வரும் வரை இந்தப் பக்கத்துக்கு வேறு கதி இல்லை. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன் பூட்டன் கையால் வெட்டிய பாதை.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கண்டி இராச்சிய காலத்தில் பொதிமாட்டில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி மலைக்குள் கொண்டு வந்த தவளக்காரர்களில் முஸ்லிம்கள் பலர். தவலந்தென்ன என்ற ஊரின் பெயரிலேயே அந்தத் தவளம் இருக்கிறது. பிறகு எங்கள் வாப்பாமாரும் அப்பாமாரும் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக நடந்ததும் இதே பாதைகளில்தான். ஆகவே இது தோட்டத்து மக்களின் பிரச்சினை, டவுன்காரருக்கு என்ன என்று யாரும் ஒதுங்க முடியாது.

இப்போது டவுனில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "ரோட்டைக் காபட் பண்ணினால் வெள்ளைக்காரன் வரமாட்டான். இப்படியே கிடந்தால்தான் யாவாரம்." இதை நல்ல மனிதர்களே சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பிரசவ வலி கண்ட பிள்ளையை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? சவால் தேடி வருகிறவர் ஒரு நாள் அதில் போவார், பிடிக்காவிட்டால் அடுத்த நாள் வேறு பாதை எடுப்பார். அந்தத் தாய்க்கு வேறு பாதை இல்லை.

ஆனால் முழுவதையும் தார் போட்டால்தான் தீர்வு என்றும் நாங்கள் சொல்லவில்லை. கிரவல் பாதை வேறு, கைவிட்ட பாதை வேறு. நடு கொஞ்சம் உயர்ந்து ஆமை முதுகு போல இருந்து, இரண்டு பக்கமும் கான் சுத்தமாக ஓடி, ஓடை குறுக்கிடும் இடத்தில் மதகு அடைபடாமல் இருந்தால், கிரவல் பாதையிலும் அம்புலன்ஸ் போகும், கொழுந்து லொறி போகும், சைக்கிளும் போகும். கான் அடைபட்டால் மழைத் தண்ணீர் பாதையையே கானாக்கிக்கொள்கிறது. மண்ணை அள்ளிக்கொண்டு போய்க் கல்லை மட்டும் விட்டுவிடுகிறது. அன்று விருந்தாளியை விழுத்தியது அந்தக் கல்தான். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று போதும், ஒரு வருட வேலை போய்விடும். கான் வெட்ட என்றே தோட்டத்தில் ஆள் இருந்த காலத்தை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மலை ஏறுகிறவருக்கு ஏற்றமும் குளிரும் உயரமும் போதுமான சவால். அவற்றை யாரும் எடுத்துவிட முடியாது. அடைபட்ட கானைச் சவால் என்று விற்கத் தேவையில்லை.

யார் செய்வது? 1992 முதல் பெருந்தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. "தோட்டப் பாதை எங்களுடையது இல்லை" என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கைவிரிக்கச் சட்டமே இடம் கொடுத்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்ய வழி திறந்தார்கள். 2025 மே மாதம் நாமே வாக்குப் போட்டுப் புதிய சபைகளைத் தெரிவு செய்தோம். வரவு செலவுத் திட்டம் வரும்போது நம் உறுப்பினரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எங்கள் பாதையின் கானுக்கும் மதகுக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள்?

ருவாண்டாவைப் பாருங்கள். அதுவும் மலைநாடு, தேயிலை விளையும் நாடு, நம்மைப் போலக் காயம் பட்ட நாடு. 1994 இனப்படுகொலையில் உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்த அட்ரியன் நியோன்ஷுட்டி என்ற இளைஞர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டியில் ஓடினார். 2025 செப்டெம்பரில் உலக வீதி சைக்கிள் சம்பியன்ஷிப் முதல் தடவையாக ஆபிரிக்காவில் நடந்தது, அதுவும் ருவாண்டாவின் கிகாலியில். அந்த நாட்டில் உமுகண்டா என்று ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊரே இறங்கிப் பாதையும் கானும் துப்புரவு செய்யும். நம் சிரமதானம்தான், ஆனால் மாதம் தவறாமல்.

இன்னொன்று. அன்று புறப்படும்போது அந்தப் பிள்ளை அவர்களிடம் கை காட்டிச் சொன்னாள்: "அடுத்த வளைவுல உள்பக்கமாப் போங்க, வெளிப்பக்கம் கல் உருளும்." நாங்கள் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தோம். எந்த வளைவில் மண் இளகும், எந்த நேரம் பனி மூடும், எங்கே குளவி கூடு இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. ஓ.எல். முடிந்ததும் கொழும்புக் கடைக்குப் போகிற பையன்களுக்கு வழிகாட்டி வேலையும் சைக்கிள் திருத்தும் வேலையும் ஊரிலேயே கிடைக்கலாம். அதற்கு ஆங்கிலம் வேண்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிள்ளை களைக்காமல் வகுப்புக்கு வந்து சேரப் பாதை வேண்டும். அதை எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் கூடுவோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். கடை நானா பிளேன்டிக்குப் பொறுப்பு. அடைபட்ட மதகுகளைப் படம் பிடித்து, எண்ணி எழுதி, பள்ளிவாசல் நிர்வாகமும் கோவில் நிர்வாகமும் சேர்ந்து கையொப்பமிட்டுச் சபைக்குக் கொடுப்போம். கான் வெட்டுவது நம் கையால் முடியும். மதகு கட்டுவது அவர்களுடைய கடமை.

வேறு யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள். எங்களோடு உடன்படாதவர்களும் எழுதுங்கள், சனிக்கிழமை வேலை செய்துகொண்டே பேசலாம்.