பெயர் போடாத அறை

லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவின் வரலாறு என்று எதைச் சொல்கிறார்கள்? 1909-இல் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கு, 1934-இல் பிபிசி கைக்கு, 2023-இல் ஹான்ஸ் சிம்மர் கூட்டாளிகளுடன் வாங்கினார். கட்டடம் கைமாறிய கதை அது. உள்ளே உழைத்தவள் எங்கே?

1958-இல் அங்கே ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் அமையப் போராடியவர் டாப்னி ஓரம். 1963-இல் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை உருவாக்கியவர் டீலியா டெர்பிஷைர். மெட்டு எழுதிய ரான் கிரெய்னரே அவரை இணை இசையமைப்பாளராகச் சேர்க்கச் சொன்னார். பிபிசி மறுத்தது. ஊழியர் பெயரைப் போடுவதில்லையாம், விதியாம்! ஆண் ஊழியருக்கும் அதுதானே விதி என்பார்கள். முதல் வேலை கேட்டுப் போனபோதே, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைப்பதில்லை என்று டெக்கா நிறுவனம் சொன்னதும் விதிதானா?

திரையில் டீலியாவின் பெயர் வந்தது 2013-இல். அவர் இறந்தது 2001-இல்.