கைபேசி இல்லாத பிள்ளைக்கும் பாடம் போய்ச் சேர வேண்டும்

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. பாடங்களைக் காணொலியாகத் தரும் ‘மணற்கேணி’ செயலி 2023 ஜூலையிலேயே வந்துவிட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் கருவி வந்ததாலேயே கல்வி சமமாகிவிடாது. ஆசிரியர் அதை எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் நம் பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கும்.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் இணைய வசதி இருந்த வீடுகள் சுமார் 24 விழுக்காடு. அந்த நிலையில்தான் கொரோனா காலத்தில் வகுப்புகள் இணையத்துக்குப் போயின. 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் இணைய வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரி அருகே 14 வயது தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் தொலைக்காட்சி பழுது, திறன்பேசியும் இல்லை என்றார் கூலித் தொழிலாளியான தந்தை. பாடம் தயாராக இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அது போய்ச் சேர வழி இல்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது என்பார்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் பெயர்பெற்ற பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் நொச்சிக்குப்பம் முதலான உழைக்கும் மக்களின் குடியிருப்புகள். இத்தகைய குடியிருப்புகளில் பல வீடுகளில் போன் ஒன்றுதான். அதுவும் காலையில் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் தீர்ந்திருக்கும். ‘வீடியோ பார்த்துவிட்டு வா’ என்று வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே காணொலியை வகுப்பறையிலேயே காட்டுங்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளையே சொல்ல வையுங்கள். பள்ளியின் கருவியைக் கொடுத்து அவர்களையே பாடம் தயாரிக்கச் சொல்லுங்கள். கடற்கரைப் பிள்ளைகள் தாத்தாக்களிடம் வாடை, கச்சான் என்று காற்றின் பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்தால், அது பருவக்காற்றுப் பாடத்துக்கு உயிர் கொடுக்கும். தன் வீட்டு அறிவும் பாடம்தான் என்று உணரும் பிள்ளை கடைசி பெஞ்சில் ஒதுங்காது.

இன்னொன்றும் முக்கியம். உதவித்தொகைக்குரிய மாணவர் பட்டியலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது, யார் எந்தச் சாதி என்று ஊருக்கே அறிவிப்பதாகும். 2024 ஜூனில் முதல்வரிடம் அளித்த அறிக்கையில் நீதிபதி சந்துரு குழு, மாணவரின் சாதி விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், உதவித்தொகை பற்றித் தனியே அழைத்துப் பேச வேண்டும் என்று சொன்னது. வகுப்பறைக்குப் பொருந்துவது கைபேசிக் குழுவுக்கும் பொருந்தும்.

எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்பது ஆசிரியர்களின் நெடுநாள் புகார். அந்தச் சுமையை அரசு குறைக்காமல் புதுமையாகக் கற்பிக்கச் சொல்வதில் நியாயமில்லை.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். திறன்மிகு வகுப்பறை வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது? போன் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஏற்பாடு? பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.